எழுத்துக்குள் அடங்காத ஒலி: மாத்தளைத் தோட்டங்களின் தப்பும் இலத்திரனியல் இசை ஆய்வும்

மாத்தளை நகருக்கு வடக்கே சிறிது தொலைவில் அலுவிகாரை அமைந்துள்ளது. தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே ஓதப்பட்டு வந்த பாளித் திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வட்டகாமினி அபயனின் காலத்தில், இங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது பௌத்த மரபு. பஞ்சமும் போரும் நிலவிய அக்காலத்தில் ஓதுவோர் அருகினால் ஓதப்படுவதும் அழிந்துவிடும் என்ற அச்சமே அம்முயற்சிக்குக் காரணமாயிற்று என்பர். ஏடு சொல்லைக் காத்தது. ஓதிய குரலின் ஏற்ற இறக்கத்தையோ, குகைச் சுவரில் அது மோதித் திரும்பிய விதத்தையோ காக்கவில்லை. காப்பது அதன் தொழிலும் அன்று.

இந்நிகழ்ச்சியை நாம் இங்கு முன்வைப்பதற்குக் காரணம் உண்டு. ஏறத்தாழ பத்தொன்பது நூற்றாண்டுகளின் பின்னர் அதே மாவட்டத்துக்குக் கோப்பிப் பயிர்ச்செய்கையின் பொருட்டுக் கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் பண்பாட்டு வரலாற்றை எழுத முற்படும் எவரும் இதே இடர்ப்பாட்டை எதிர்கொள்கின்றனர். அவர்கள் விட்டுச்சென்ற ஆவணங்களுட் பெரும்பகுதி எழுத்து அன்று, ஒலியே. அவ்வொலியை நமது ஆய்வுத்துறைகள் இதுவரை எழுத்தாக மாற்றியே ஏற்றுக்கொண்டு வந்துள்ளன. எழுத்தாக மாற்ற இயலாதவற்றை ஆய்வுப் பொருளாகக் கொள்ளவேயில்லை எனலாம்.

மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிற் கடந்த அரை நூற்றாண்டில் வளர்ந்துள்ள பட்டப்பின் ஆய்வுத்துறை ஒன்று இவ்விடத்தில் நமது கவனத்துக்குரியதாகின்றது. பரிசோதனை இலத்திரனியல் இசை என்றும் ஒலிக்கலை என்றும் அது வழங்கப்படுகின்றது. இத்துறையிற் கலாநிதிப் பட்டத்துக்கு முற்படுவோர், தாம் ஆக்கிய ஒலிப்படைப்புக்களின் தொகுதி ஒன்றையும், அவை எவ்வினாவுக்கு விடை தேடி எழுந்தன என்பதை விளக்கும் எழுத்துரை ஒன்றையும் சேர்த்துச் சமர்ப்பிப்பது பெருவழக்கு. ஆக்கமே ஆய்வாகக் கொள்ளப்படுகின்றது. யூத்ரெக்டில் 1960 இல் ஒரு சிறு கலையகமாகத் தொடங்கி, 1986 இல் ஹேக் நகருக்கு இடம்பெயர்ந்த ஒலியியல் நிறுவகமும், பெல்பாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் 2004 இல் திறக்கப்பட்ட ஒலிக்கலை ஆய்வு நிலையமும் இதன் பெயர்பெற்ற நிலைக்களங்கள். நம்மவரிடையே இத்துறையை வசதிபடைத்த நாடுகளின் விநோதம் என்று ஒதுக்கும் போக்கு உண்டு. மாத்தளைத் தோட்டமொன்றின் தப்பை மனங்கொண்டு நோக்கினால் அம்முடிவு அவசரமானது என்பது புலப்படும்.

தமிழாய்வில் ஒலிப்பதிவுக் கருவி புகுந்த கதை முதலிற் கூறத்தக்கது. மில்மன் பரி 1933 தொடக்கம் 1935 வரை யூகோஸ்லாவியாவின் கதைப்பாடகர்களை அலுமினியத் தட்டுக்களிற் பதிவுசெய்தார். அப்பதிவுகளை அடிப்படையாகக் கொண்டு அவருடைய மாணவர் அல்பேட் லோட் 1960 இல் வாய்மொழிக் காவியம் பற்றிய தமது நூலை வெளியிட்டார். அக்கோட்பாட்டினைச் சங்கச் செய்யுள்களுக்குப் பொருத்திக் காட்டியவர் க. கைலாசபதி. பர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் வழிகாட்டலிற் செய்யப்பட்ட அவ்வாய்வு 1968 இல் ஒக்ஸ்போட் வெளியீடாக வந்தது. ஆகவே, நமது நவீன இலக்கிய ஆய்வின் தலையாய நூல்களுள் ஒன்று, சற்று ஆழ்ந்து நோக்கின், ஊசி கீறிய உலோகத் தட்டின்மீதே நிற்கின்றது. ஆயின், தட்டிலிருந்து நாம் எடுத்துக்கொண்டது வாய்பாடுகளை மட்டுமே. பாடகனின் மூச்சையும் நரம்பின் அதிர்வையும் அங்கேயே விட்டுவிட்டோம். சங்கச் செய்யுளைப் பொறுத்தவரை வேறு வழியில்லை. அதன் ஒலி என்றோ மறைந்துவிட்டது. வாழும் மரபுகளையும் அவ்வாறே நடத்தியதுதான் குறை.

மலையக நாட்டார் பாடல்களுக்கு நேர்ந்தது இதுவே. சி. வி. வேலுப்பிள்ளை போன்றோர் தொகுத்திராவிடில் அப்பாடல்களிற் பெரும்பாலானவை நமக்குக் கிட்டியிரா. அவருடைய பணியின் அருமையைக் குறைத்து மதிப்பிடுவது நமது நோக்கமன்று. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் இயற்றிய நெடுங்கவிதையின் விடியற் காட்சியில் தப்பொலி இடம்பெறுவதும் கருத்திற் கொள்ளத்தக்கது. அதன் இடம் அவருக்குத் தெரிந்தேயிருந்தது. மாத்தளையைப் பொறுத்தவரை, மலையகத்தின் மாரியம்மன் வழிபாடு, மரபுக் கலைகள் ஆகியன குறித்து மாத்தளை வடிவேலன் எழுதியவை முன்னோடி முயற்சிகள். எனினும் அச்சிட்ட தொகுப்புக்களிற் பாடலுக்குச் சொல் உண்டு. தப்புக்குச் சொல் இல்லை. ஆகவே தப்பு, பாடலின் அடிக்குறிப்பாகவே நின்றுவிட்டது.

அடிக்குறிப்பாக நிற்கவேண்டிய ஒன்றன்று அது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளர் மன்னார்க் கரையில் இறங்கி, வரண்ட காடுகளினூடே கால்நடையாகத் தம்புள்ளையைக் கடந்து மலைநாட்டின் வாயிலாகிய மாத்தளையை அடைந்தனர். நடைவழியில் நோயாலும் பட்டினியாலும் இறந்தோர் பலர். கோப்பிக் காலத்தில் அவர்கள் பருவகாலத் தொழிலாளர்; அறுவடை முடிந்ததும் ஊர் திரும்பியவர்கள். 1869 இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின், ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்கவேண்டிய தேயிலை அவர்களை லயன்களில் நிலையாகக் குடியிருத்தியது. நிலையான தொழிற்படைக்கு நாள்தோறும் நேரக் கட்டுப்பாடு வேண்டும். கடிகாரம் துரையிடம் இருந்தது. தொழிலாளருக்குக் கிடைத்தது தப்பொலி. விடியுமுன் தப்படித்து எழுப்பி, பிரட்டுக் களத்துக்கு அழைத்து, பெயரெழுதி, வேலை பிரித்தனுப்புவது தோட்டத்து நாளின் தொடக்கம். கொம்பு ஊதிய தோட்டங்களும் உண்டு; பிற்காலத்திற் சங்கொலி வந்தது.

தொழிற்றுறை முதலாளித்துவத்தில் நேரக் கட்டுப்பாடு தொழிலாளியின் அகத்திலே எவ்வாறு ஊன்றப்பட்டது என்பதை ஈ. பி. தொம்சன் 1967 இல் எழுதிய கட்டுரையில் ஆராய்ந்துள்ளார். அவர் கூறும் ஆலைமணியின் இடத்தில் இங்கு தப்பு நிற்கின்றது. வேறுபாடு ஒன்றும் உண்டு. ஆலைமணிக்கு ஆலைக்கு வெளியே வாழ்வில்லை. தப்போ, அதே ஊரில் அதே தோலில் மாரியம்மனை அழைத்தது; மாசி மாதத்துக் காமன் கூத்தில் மன்மதனையும் ரதியையும் ஆடவைத்தது; பிணத்துக்கு முன்னே சுடலைவரை நடந்தது. ஒவ்வொன்றுக்கும் அடி வேறு. லயத்துக்குள் இருக்கும் ஒருவர் கதவைத் திறவாமலே வெளியில் நிகழ்வது யாதென்று அடியைக் கொண்டு அறிவார். அதிகாரத்தின் கட்டளையும் மக்களின் துக்கமும் ஒரே கருவியில் ஒலித்தன. இவ்விரட்டைத் தன்மையை எந்தப் பாடற் தொகுப்பிலிருந்தும் நாம் அறிதற்கில்லை.

அடித்தவர் யார் என்ற வினாவைத் தவிர்க்கவும் இயலாது. கடல் கடந்து வந்த சாதியமைப்பு, கங்காணி முறையின் துணையோடு தோட்டத்திலும் வேர்விட்டது. தப்படித்தல் குறிப்பிட்ட சாதியினரின் கடமையாகவே வைக்கப்பட்டது. மிருதங்கம் இசைக்கருவி, தப்பு வெறும் கொட்டு. முன்னையது கலை; பின்னையது தொண்டு. இப்பாகுபாட்டைச் செவியின் இயல்பான தீர்ப்பு என நமது இசைநூலோர் எடுத்துக்கொண்டனர்.

இவ்விடத்திற் பௌதிகவியல் கூறுவதைச் சற்று விரிவாகக் கேட்டல் வேண்டும். வட்டமாக இழுத்துக் கட்டிய சீரான தோல் அதிரும்போது எழும் சுரங்கள் ஒன்றுக்கொன்று முழுவெண் விகிதத்தில் அமைவதில்லை. அடிப்படை அதிர்வை 1 எனக் கொண்டால், அடுத்தவை 1.59, 2.14, 2.30, 2.65 எனச் செல்லும். நரம்பிலோ குழலிலோ கிடைக்கும் 1, 2, 3, 4 என்ற ஒழுங்கு அங்கு இல்லை. ஆதலின் சுருதி தெளிவாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையிற் பூசப்படும் கருஞ்சாந்து இவ்வொழுங்கின்மையைத் திருத்துகின்றது என்பதைச் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் இணைந்து 1920 இல் வெளியிட்ட குறிப்பிலும், 1930களின் நடுப்பகுதியில் எழுதிய விரிவான கட்டுரையிலும் நிறுவினார். சாந்தின் பாரத்தால் தோலின் அதிர்வுகள் ஐந்து இசைவான சுரங்களாகத் திரளுகின்றன. உலகின் மிகச்சிறந்த ஒலியியற் கண்டுபிடிப்புக்களுள் ஒன்று அது, ஐயமில்லை. அத்தோலைப் பதப்படுத்தி இழுத்துக் கட்டியவர்கள் பெரும்பாலும் தாழ்த்தப்பட்டோர் என்பதும், அவர்கள் செய்த கருவி ஏறிய மேடையில் அவர்களுக்கு இடமில்லை என்பதும் டி. எம். கிருஷ்ணா 2020 இல் வெளியிட்ட நூலில் விரிவாக எழுதியவை.

தப்பில் அச்சாந்து இல்லை. மரவளையத்தில் ஒட்டிய தோல் மட்டுமே. ஒரு கையில் மெல்லிய நீண்ட குச்சி. மறுகையிற் குறுகிய தடித்த குச்சி. முன்னையது மேலதிர்வுகளைக் கூர்மையாகக் கிளப்பும். பின்னையது தோலின் அடிப்படை அசைவை எழுப்பும். ஆக, 'சுருதி' என்ற அளவுகோலைக் கொண்டு அளந்தால் தப்பு குறைபாடுள்ள கருவியாகவே தோன்றும். சுருதியாய்வில் நமக்குப் பெரும் மரபு உண்டு. தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917 இல் வெளியிட்ட கருணாமிர்த சாகரமும், கணிதமும் விஞ்ஞானமும் கற்ற சுவாமி விபுலாநந்தர் 1947 இல் உலகுக்கு அளித்த யாழ் நூலும் அம்மரபின் சிகரங்கள். இரண்டும் தமிழிசையின் பெருமையை அலகுகளின் விகிதத்தில் தேடின. அத்தேடல் அக்காலத்துக்கு வேண்டியிருந்தது. ஆயின் விகிதத்துக்குள் வராத ஒலிக்கு அந்நூல்களின் கணக்கில் இடமில்லை. யாழை மீட்டெடுத்த தமிழாய்வு, தன் காலத்திலேயே அடிக்கப்பட்டுக்கொண்டிருந்த பறையை அத்துணை அக்கறையுடன் அளந்து பார்க்கவில்லை.

பரிசோதனை இசையின் வரலாறு நமக்குப் பயன்படுவது சரியாக இவ்விடத்திலேயே. பியெர் ஷெஃபர் 1948 ஒக்டோபரிற் பாரிஸ் வானொலியில் 'இரைச்சல்களின் கச்சேரி' என்ற நிகழ்ச்சியை ஒலிபரப்பினார். அதன் ஒரு பகுதி புகையிரத நிலையத்திற் பதிவுசெய்த இயந்திர ஒலிகளால் மட்டுமே ஆனது. இசை என்பதற்கும் இரைச்சல் என்பதற்கும் இடையே இருந்த கோட்டை அவர் வேண்டுமென்றே அழித்தார். யேர்மனியின் கொலோன் வானொலிக் கலையகம் எதிர்த்திசையிற் சென்றது. ஒரே அதிர்வெண் கொண்ட தூய ஒலிகளை இயந்திரத்திற் பிறப்பித்து, அவற்றை அடுக்கிப் புதிய ஒலிகளைக் கட்ட முயன்ற ஸ்ரொக்ஹவுசனின் முதற் படைப்பு 1953 இற்குரியது. இரு வழிகளும் பின்னர் கலந்தன. இவற்றின் விளைவாக, ஓர் ஒலியின் மதிப்பு அதன் சுருதியில் மட்டும் தங்கியில்லை என்பதும், அதன் தொடக்கம், தேய்வு, நிறம், அடர்த்தி, பரவும் வெளி ஆகிய யாவும் ஆராயத்தக்கன என்பதும் நிலைபெற்றன. சுருதியற்ற தோலை ஆராய இதனினும் தகுந்த கருவித்தொகுதி வேறில்லை. ஆயின் பாரிஸில் அழிக்கப்பட்டது ஓர் அழகியற் கோடு. மாத்தளையில் அதே கோடு சாதிக்கும் கூலிக்கும் இடப்பட்ட வேலி.

ஷெஃபருக்கு முன்பே, 1944 இல், கெய்ரோவில் ஹலிம் எல்-டப் என்ற இளைஞர் வானொலி நிலையமொன்றின் கம்பிப் பதிவுக்கருவியைப் பெற்று, 'ஸார்' எனப்படும் பெண்களின் நோய்தீர்க்கும் சடங்கைப் பதிவுசெய்தார். பின்னர் கலையகத்தில் எதிரொலி முதலியவற்றின் துணையால் அதனைத் திருத்தி, சொல் மறைந்து மேலதிர்வுகள் மட்டும் மிதக்கும் படைப்பாக ஆக்கினார். இவ்வகையின் மிகப்பழைய படைப்புக்களுள் ஒன்றாக அது இன்று போற்றப்படுகின்றது. இத்துறை ஐரோப்பாவின் தனிச்சொத்து அன்று என்பதற்கு இது சான்று. கூடவே ஓர் எச்சரிக்கையும் ஆகும். இசை வரலாறுகள் எல்-டப்பின் பெயரைக் கூறுகின்றன. சடங்கிற் பாடிய பெண்களின் பெயர்களைக் கூறுவதில்லை.

அண்டை நாட்டு உதாரணம் அகமதாபாத்திலுள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனமாகும். 1969 இல் அமெரிக்க இசைஞர் டேவிட் ரியூடர் அங்கு வந்து மூக் ஒலிப்பிறப்பியைக் கொண்ட கலையகம் ஒன்றை அமைத்தார். இதற்குத் துணைநின்ற கீதா சாராபாய் பகாவஜ் முழவு பயின்றவர். 1946 இல் நியூயோர்க்கில் ஜோன் கேஜுக்கு இந்திய இசை கற்பித்தவர். கீதா சாராபாயும், ஐ. எஸ். மாதுர், அதுல் தேசாய், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோரும் அங்கு படைப்புக்களை ஆக்கினர். சில ஆண்டுகளிற் கலையகம் ஓய்ந்தது. ஒலிநாடாச் சுருள்கள் நிறுவனத்தின் காப்பகத்திற் கிடந்தன. பல தசாப்தங்களின் பின்னர் போல் பர்கஸ் என்ற கலைஞர் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தார். 2023 இல் அவற்றிலிருந்து ஒரு தொகுப்பு வெளிவந்தது. நவீன நிறுவனமொன்றின் காப்பகத்திற் பெயர் எழுதி வைக்கப்பட்ட நாடாக்களே அரை நூற்றாண்டு மறக்கப்பட்டிருக்கக்கூடுமாயின், லயத்துக் கூரையின்கீழ் யாரோ ஒருவர் கசற்றிற் பிடித்து வைத்த காமன் கூத்தின் கதி யாதாகும்?

தோட்டத்து மக்கள் மின்வழி ஒலியை அறிந்தது ஒலிப்பிறப்பியினூடாக அன்று. வானொலியும் ஒலிபெருக்கியுமே அதனைக் கொண்டுவந்தன. இலங்கையில் ஒழுங்கான வானொலி ஒலிபரப்பு 1925 இல் ஆரம்பமாயிற்று. காலப்போக்கிற் கோயில் விழாவுக்குக் கூம்பு ஒலிபெருக்கி வந்தது. மரத்திற் கட்டிய அதன் குரல் மலைக்கு மலை மோதிற்று. மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் மாசிமகத் தேர்த்திருவிழாவில் ஐந்து தேர்கள் வீதிவலம் வரும்போது நாதசுரமும் தவிலும் பக்திப் பாட்டும் பெருக்கப்பட்டு ஒலிப்பதைக் கேட்டோர் அறிவர். பெருக்கப்படாத தப்பு அதனிடையே காதுக்கு எட்டுவது அருகியே. எது பெருக்கப்படுகின்றது என்பதும் ஒரு சமூகத் தீர்ப்புத்தான்.

கனடாவின் சைமன் பிரேசர் பல்கலைக்கழகத்தில் ஆர். முறே ஷேஃபரும் (மேலே கூறிய பிரெஞ்சுக்காரர் வேறு, இவர் வேறு) அவருடைய குழுவினரும் 1970களில் 'ஒலிநிலக்காட்சி' என்ற கருத்தை வளர்த்தனர். ஓர் ஊரின் பின்னணி ஒலி, அறிவிப்பொலி, அடையாள ஒலி என அவர் வகுத்த பகுப்புக்கள் தோட்டத்துக்கு ஓரளவு பொருந்தும். தப்பு எட்டும் எல்லையே தோட்டத்தின் எல்லை என்றுகூட ஒருவர் வரைபடம் கீறலாம். எனினும் ஷேஃபரின் எழுத்தில் இயந்திரத்துக்கு முந்திய அமைதியின்மீது ஓர் ஏக்கம் இழையோடுகின்றது. நமக்கு அவ்வேக்கம் பொருந்தாது. எல்கடுவையிலோ இரத்தோட்டையிலோ அவ்வைகறை அமைதியைக் குலைத்தது இயந்திரமன்று, மனிதக் கை. அக்கையும் தானாக விரும்பி எழுந்ததன்று.

கேட்டவர்களும் அடித்தவர்களும் சிதறியமை இவ்வரலாற்றின் இன்னொரு கூறு. 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவராக்கிற்று. 1964 இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். நீலகிரித் தோட்டங்களிற் குடியேறியோர் பலர். 1983 ஜூலை வன்செயலில் மாத்தளை நகரம் எரிந்தது. முத்துமாரியம்மன் கோயிலும் தாக்கப்பட்டது. இவற்றிடையே, இழிவின் சின்னமென்று கருதித் தப்பைத் தாமாகவே கைவிட்டோரும் உளர். அவர்களுடைய முடிவை ஆய்வாளர் 'மரபின் அழிவு' என்று எழுதிப் புலம்புவது நேர்மையன்று. அது விடுதலையின் ஒரு வடிவமாகவும் இருந்தது. தமிழ்நாட்டில் மறுதலையான இயக்கமும் எழுந்தது. திண்டுக்கல் சக்தி நாட்டுப்புறக் கலைக்குழுவின் பெண்கள் பறையை மேடைக்கும் போராட்டக் களத்துக்கும் எடுத்துச் சென்றனர். அவர்களைப் பற்றிச் சோய் ஷெரினியன் என்ற இசையியலாளர் 2011 இல் ஆக்கிய ஆவணப்படத்தின் தலைப்பே, பறை இசைதான் என்று அறுதியிட்டுரைப்பது. விடுவதும் எடுப்பதும் இரண்டும் அடித்தவரின் உரிமை என்ற நிலையிலிருந்தே ஆய்வு தொடங்குதல் வேண்டும்.

எனவே, மாத்தளையைக் களமாகக் கொண்டு ஒலிக்கலையில் முதுதத்துவமாணிப் பட்டத்துக்கோ கலாநிதிப் பட்டத்துக்கோ ஒரு மாணவர் முற்படின், அவர் விலையுயர்ந்த ஒலிப்பிறப்பியைத் தேடவேண்டியதில்லை. ஒரு பதிவுக்கருவியும் இரு ஒலிவாங்கிகளும் அதிர்வெண் பகுப்புக்கான சாதாரணக் கணினியும் போதும். ஆயின் பதிவுக்கு முன்னரே, அடிப்பவரின் பெயர் ஆக்கியோருள் ஒருவராக எழுதப்படுதல் வேண்டும். பதிவின் ஒரு படி அவருடைய வீட்டில் இருத்தல் வேண்டும். எதைப் பதியக்கூடாது என்பதை அவரே தீர்மானித்தல் வேண்டும். சாவுக்கு அடிக்கும் அடியைச் சாவில்லாத நாளில் அடித்துக் காட்ட மறுப்பவர் உண்டாயின், அம்மறுப்பே ஆய்வேட்டின் ஒரு பக்கமாகட்டும்.

தொடங்குவதற்கு ஓர் எளிய வினாவையும் நாம் முன்வைக்கலாம். தப்பு அடிக்குமுன் தீயிற் காய்ச்சப்படும். மலையின் ஈரக்காற்றில் தளர்ந்த தோல், சருகோ தாளோ எரியும் சுவாலையில் ஈரம் நீங்கி இறுகுகின்றது. அதன் சுருதி ஏறுகின்றது. அடிப்பவர் விரலாற் தட்டித் தட்டிக் கேட்டு, ஒரு கணத்தில் 'போதும்' என எடுத்துவிடுவார். அடி தொடர்கையில் தோல் மீண்டும் தளர, மீண்டும் தீ. எந்த அதிர்வெண்ணில், எந்த மேலதிர்வுகளின் சேர்க்கையில் அவர் 'போதும்' என்கின்றார்? கூத்துக்குப் போதுமானதும் சாவுக்குப் போதுமானதும் ஒன்றுதானா? கம்மடுவையின் மழைமாதத்திலும் மாசி மாதத்து வரட்சியிலும் அதே செவி அதே அளவை நாடுமா? விபுலாநந்தர் யாழுக்குச் செய்த கணக்கைப் போல் இதுவும் ஒரு சுருதிக் கணக்கே. இதற்குரிய அலகு எந்த ஏட்டிலும் இல்லை. தீயருகே குந்தியிருப்பவரின் காதில் இருக்கின்றது.